உள்பக்கம் திருப்பிப் பார், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மலையேறப் போறேன்ப்பா, ஷார்ட்ஸ் வாங்கணும், எதப் பாத்து வாங்கறது?" என்று கேட்டாய். பக்கத்தில் உன் அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்லதாப் பாத்து வாங்கு சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் திருப்பூரில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவன் சொல்கிற பதிலா அது?

வாய் அடைத்துப்போனதற்குக் காரணம் உனக்கும் தெரியும். நீ பத்தாவது படிக்கும்போது முழங்காலுக்கு மேலே நிற்கிற டவுசர் ஒன்றைப் போட்டுக்கொண்டு பால் வாங்கக் கிளம்பினாய். வாசலிலேயே நிறுத்தி, உள்ளே போய் மாற்றிக்கொண்டு வா என்றேன். நீ சத்தம் போடவில்லை. "கம்பெனில தினமும் யாருக்குப்பா தைக்கறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாய். அந்த வாரம் முழுக்க நான் ஒன்றரை ஷிப்ட் போட்டுத் தைத்தது வெளிநாட்டுப் பெண்பிள்ளைகள் போடும் ஷார்ட்ஸ்தான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. சரி, தெரிந்த தொழிலையாவது எழுதுகிறேன்.

நீ போகிற கர்நாடகத்துக் குமார பர்வதம் 1712 மீட்டர் என்று உன் தம்பி பார்த்துச் சொன்னான். குக்கே சுப்ரமண்யா பக்கமிருந்து ஏறினால் முதலில் அடர்ந்த காடு, அப்புறம் நிழலே இல்லாத புல்வெளி, சேஷ பர்வதம் தாண்டினால் மறுபடியும் காடு, பாறை என்று அவன் படமெல்லாம் காட்டினான். ஐப்பசி மாதம் போகிறாய். காட்டுக்குள் ஈரம் இருக்கும், அட்டை இருக்கும், புல்வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே துணி.

நான் வெள்ளியங்கிரியில் பட்டதை உனக்குச் சொன்னதில்லை. உன் அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். 2004 மாசியில் கம்பெனி ஆட்களோடு போனேன். மற்றவர்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் நாகரிகமாக, கம்பெனியில் ரிஜெக்ட் ஆகி வந்த காட்டன் ஷார்ட்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். உள்ளே பூப்பூவாக இருக்குமே, அந்த ஃப்ளீஸ் துணி. 280 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 280 கிராம் எடை. கையில் பிடித்தால் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். ராத்திரி பூண்டியில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தோம். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆண்டி சுனையில் எல்லோரும் குளித்தார்கள், நானும் குளித்தேன். அதே ஷார்ட்ஸைப் பிழிந்து போட்டுக்கொண்டு ஏழாவது மலை ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. ஈரத்துணி தொடையில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல உரசியது. பாதி மலை இறங்குவதற்குள் இரண்டு தொடையும் தோல் வழன்றுவிட்டது. காலை அகட்டி அகட்டி வைத்து, தடியை ஊன்றி, பிரசவித்த மாடு மாதிரி இறங்கினேன். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிய பெரியவர் ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாது, என்னைத் தாண்டிப் போனவர் நின்று திரும்பி, "ஏனுங் தம்பி, வேண்டுதலுங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

அடிவாரத்துக்கு வந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, டீக்கடை வெளிச்சத்தில் அந்த ஷார்ட்ஸை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். முன்னால் இரண்டு துண்டு, பின்னால் இரண்டு துண்டு, நான்கும் காலுக்கு நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு தையலின் ஓவர்லாக் விளிம்பும், அதாவது பிசிறாமல் நூலால் சுற்றி அடித்த ஓரமும், அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுண்டைக்காய் அளவுக்கு முடிச்சாகக் கட்டியாக நின்றது. அந்த லாட்டில் அந்தத் தையலை அடித்தவன் நான்தான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ் அடித்திருப்பேனோ! யார் யார் எந்தெந்த ஊரில் காலை அகட்டி நடந்தார்களோ!

அதனால் கடையில் நீ எடுத்தவுடன் நிறத்தைப் பார்க்காதே. உள்பக்கம் திருப்பு. அந்த இடத்தில் நான்கு தையலும் கூட்டல் குறி மாதிரி சந்தித்தால், அது கடைவீதிக்குப் போகிற ஷார்ட்ஸ், மலைக்கு இல்லை. நல்ல சரக்கில் அங்கே சாய்சதுரமாக ஒரு தனித் துண்டு வைத்திருப்பார்கள். தொழிலில் அதைக் கசெட் என்போம். அந்தத் துண்டு இருந்தால் தையல்கள் உரசும் இடத்தை விட்டு விலகிப் போய்விடும். இன்னொன்று, உயரமான பாறை மேல் காலைத் தூக்கி வைக்கும்போது துணி மொத்தமும் காலோடு சேர்ந்து இழுபடாது. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை இது. உன் அப்பாரு, அதுதான் என் அப்பா, பட்டாபட்டி போட்டுக்கொண்டு ஏர் ஓட்டுவாரே, அதில் நடுவில் ஒரு துண்டு வைத்துத்தான் தைத்திருந்தது. நான் தொழில் பழகிப் பத்து வருஷம் கழித்துத்தான் அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

தையலையும் விரலால் தடவிப் பார். நம் ஊரில் ஃப்ளாட்லாக் என்று சொல்வது கீழ்மடிப்பு அடிக்கிற மெஷின். நான் சொல்வது அது இல்லை. நான்கு ஊசி, ஆறு நூலில் இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டையாகச் சேர்க்கிற மெஷின் ஒன்று உண்டு. அதில் அடித்தால் விளிம்பு எழும்பி நிற்காது. நீட்டாத துணியாக இருந்தால் ஜீன்ஸ் பேண்டில் இருப்பது போல மடித்து அடித்த இரட்டைத் தையல். இரண்டில் எதுவானாலும் சரி. ஓவர்லாக் மட்டும் அடித்து விட்டிருந்தால் வைத்துவிட்டு வா.

துணிக்கு வருகிறேன். காட்டன்தான் உடம்புக்கு நல்லது என்று உன் அம்மா சொல்வாள். வீட்டுக்கு அது சரி. மலைக்குக் காட்டன் வேண்டாம். நூல் வியாபாரத்தில் ஒரு கணக்கு உண்டு: காய்ந்த பஞ்சு நூலிலேயே 8.5 சதவீதம் ஈரம் இருக்கும் என்று வைத்துத்தான் எடை பேசுவார்கள். நைலானுக்கு அது 4 சதவீதத்தை ஒட்டி, பாலியெஸ்டருக்கு வெறும் 0.4. சும்மா இருக்கும்போதே இப்படியென்றால் வியர்வையிலும் மழையிலும் எது எவ்வளவு குடிக்கும் என்று நீயே பார்த்துக்கொள். காட்டன் குடித்ததைச் சீக்கிரம் விடவும் விடாது. லேபிளில் நைலானும் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸும் கலந்தது என்று இருந்தால் எடு. பாறையில் உட்கார்ந்து சறுக்குவதற்குப் பாலியெஸ்டரைவிட நைலான் தாங்கும். ஸ்பான்டெக்ஸ் நாம் லைக்ரா என்கிறோமே அதுதான். அது இருந்தால்தான் குந்தும்போது துணி விட்டுக்கொடுக்கும், ஆனால் அதற்குச் சூடு ஆகாது. அயர்ன் பண்ணாதே, ப்ளீச்சும் கம்ஃபர்ட்டும் போடாதே.

நீளம் உன் விருப்பம். நான் இனிமேல் அதில் தலையிடுவதாக இல்லை. தொழில்காரனாக ஒன்று மட்டும். உள்கால் தையலை அளந்தால் 5 அங்குலம், 7, 9 என்று வரும். தொடை உரசுகிற உடம்புக்கு 5 அங்குலம் போட்டால் நடக்க நடக்க அது சுருண்டு மேலே ஏறும், தோல் தோலோடு உரசும். நம் வீட்டு வாகு உனக்குத் தெரியும், என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறாய். 7 முதல் 9 வரை பார். இல்லை, குட்டையாகத்தான் வேண்டும் என்றால், சுடிதாருக்கு உள்ளே போடுவாயே ஒட்டினாற்போல் ஒரு சைக்கிளிங் ஷார்ட்ஸ், அதை உள்ளே போட்டுக்கொள். அதிலும் காட்டன் வேண்டாம்.

இடுப்பில் பட்டை அகலமாக, தட்டையாக இருக்க வேண்டும். பையின் இடுப்பு பெல்ட் அதன் மேல்தான் உட்காரும். அங்கே இரும்பு பட்டனோ, தடித்த பெல்ட் வளையமோ இருந்தால் எட்டு மணி நேரத்தில் எலும்பில் குழி விழும். சுற்றிலும் எலாஸ்டிக், உள்ளே ஒரு நாடா, போதும். நாடாவின் நடுவில் ஒரு தையல் போட்டுப் பிடித்திருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் துவைக்கும்போது உருவி வந்துவிடும், அப்புறம் ஊக்கு வைத்துக் கோர்த்துக்கொண்டு இருப்பாய்.

பாக்கெட் விஷயத்தில் பெண்களை ஏமாற்றுகிறார்கள். நானே ஏமாற்றித் தைத்திருக்கிறேன். வெளியே பாக்கெட் மாதிரி வாய் இருக்கும், உள்ளே இரண்டு விரல் போகாது. துணி மிச்சம், வேறென்ன? இதற்காக ஆண்கள் ஷார்ட்ஸை எடுக்கலாமா என்று நீ கேட்பாய். எடுக்கலாம், ஆனால் அதை இடுப்புக்குப் பார்த்து எடுத்தால் பின்பக்கம் பிடிக்கும், பின்பக்கத்துக்கு எடுத்தால் இடுப்பு தொங்கும். தொடையின் பக்கவாட்டில் ஜிப் வைத்த ஒரு பாக்கெட் இருக்கிற பெண்கள் ஷார்ட்ஸாகவே தேடு. அதில் போனைப் போடாதே, நடக்கும்போது தொடையில் அடித்துக்கொண்டே வரும். கைக்குட்டை, கொஞ்சம் பணம், அவ்வளவுதான். பின் பாக்கெட் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று, பை மறைத்துவிடும். பாக்கெட் வாயின் இரண்டு முனையிலும் குட்டையாக, நெருக்கமாக ஒரு அடைப்புத் தையல் இருக்க வேண்டும். பார்டேக். அது இல்லாத பாக்கெட் நாலாவது தடவை கை விட்டால் கிழியும்.

போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடி முன்னால் நிற்பது வீண். குந்தி உட்கார். பின்னால் இடுப்பு இறங்குகிறதா பார். ஒரு காலை அங்கே இருக்கிற ஸ்டூல் மேல் தூக்கி வை. முழங்கால் இடுப்புக்கு மேல் வர வேண்டும், துணி எங்கேயும் பிடிக்கக் கூடாது. வாங்கியபின் மலைக்கு அன்றுதான் முதல் தடவை போடுவது என்று வைத்துக்கொள்ளாதே. ஒரு தடவை துவைத்து, ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நட. எங்கே உரசுகிறதோ அங்கே சிவந்து காட்டிக் கொடுத்துவிடும்.

முழங்காலில் ஜிப் வைத்துக் கழற்றுகிற பேண்ட் ஒன்று விற்கிறார்கள். தைத்திருக்கிறேன். தைப்பதற்கு நரகம். ஜிப் சுற்றி வரும் இடம் விறைப்பாக இருக்கும், குந்தினால் குத்தும். ஆனால் உன் மலைக்கு அது ஒரு வகையில் ஒத்துவரலாம்: காட்டுக்குள் முழுக்கால், புல்வெளியில் அரைக்கால். எனக்கு என்னவோ ஷார்ட்ஸும், அட்டைக்கென்று முழங்கால் வரை வருகிற நெருக்கமான நெசவுக் காலுறையும்தான் சரி என்று படுகிறது. முழங்காலுக்குக் கீழே அந்த உறையின் நாடாவை இறுக்கிக் கட்டு, உறையின் மேலே உப்போ புகையிலையோ தேய். அட்டை ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காதே, வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளு. புல் இடுப்பளவு இருக்கிற இடத்தில் காலில் கீறத்தான் செய்யும், உண்ணியும் ஒட்டும். அன்று சாயங்காலம் தொடை, முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்துவிட்டுப் படு.

அம்மா ஒன்று எழுதச் சொன்னாள். வெளிர் நிறம் வேண்டாம், கருநீலமோ கறுப்போ வாங்கச் சொல் என்றாள். காரணம் அவளே போனில் சொல்வாளாம். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். "அவ பத்தாவது படிக்கறப்பவே வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவசரப்பட்டு அங்கே விலை கொடுத்து வாங்கிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டைக்குப் போய்ப் பார்க்கிறேன், எக்ஸ்போர்ட் மிச்சத்தில் சில சமயம் நல்ல சரக்கு வரும். கசெட் இல்லாமல் கிடைத்தாலும் பிரித்து ஒரு துண்டு வைத்துத் தந்துவிடுவேன், வீட்டு மெஷினே போதும். அதற்கு உன் அளவு வேண்டும். இடுப்பு, பின்பக்கம், அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தொடையின் தடித்த இடத்தில் சுற்றளவு. நின்றுகொண்டு அளந்தால் ஒரு அங்குலமாவது குறைத்துக் காட்டும்.

அதற்குள் அங்கேயே ஒன்று பிடித்துப்போனால், உள்பக்கம் திருப்பி, நடுத்தையலை ஒரு போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பு. வெளிச்சத்தில் எடு, கண்ணாடி போட்டும் எனக்கு இப்போதெல்லாம் நூல் சரியாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
அப்பா