இந்தக் கோடைக்குச் சமணர் மலை போதும்

தெருக்காரர்களுக்கு வணக்கம். மூன்று நாளாகக் குழுவில் கொடைக்கானல் பேச்சுதான் ஓடுகிறது. போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் ஏற முடியாது. போன வருடம் அதையும் எடுத்துப் போய், மலைப்பாதையில் மூன்று மணி நேரம் வண்டிக்குள் வெந்துவிட்டு வந்தோம்.

இந்த முறை மதுரையிலேயே இருந்து பார்ப்போமா? ஞாயிறு விடியற்காலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் கூடுவோம். பைக்கோ ஆட்டோவோ, எது இருந்தாலும் சரி. சமணர் மலை இருக்கும் கீழக்குயில்குடிக்குப் போகிறோம். அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமர நிழல். படியேறினால் பேச்சிப்பள்ளம்: ஆயிரம் வருடப் பழமையுள்ள, சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக, கூடவே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்து. பிள்ளைகளுக்கு அதைத் தடவிப் பார்க்கக் கை பரபரக்கும்; விடாதீர்கள். ஏழரைக்குள் இறங்கிவிட வேண்டும், அப்புறம் பாறை காலைச் சுடும்.

திரும்பும் வழியில் நுங்கு. தோண்டி வைத்ததை வாங்காதீர்கள். காயைச் சீவச் சொல்லி, கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிடுங்கள். சட்டையில் தெறிக்கும், பரவாயில்லை. தின்று முடித்த காயை எறியாமல் கொண்டுவந்தால் பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி செய்து தருகிறேன்.

கீழடி அருங்காட்சியகம் அடுத்த வாரம்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் எத்தனை பேர் என்று போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் வராது!