எங்க கோத்தகிரி வீட்டு பாத்ரூம் வேனிட்டிக்கு கை குடுத்த எல்லாருக்கும் நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாத்ரூம்ல வாஷ்பேசினுக்கு அடியில வர்ற மர அலமாரி, அதான் வேனிட்டி, அந்த வேலை போன வாரத்தோட முடிஞ்சுது. நேர்ல பாக்கறப்ப நன்றி சொன்னேன்தான், ஆனா டீ டம்ளர கையில வெச்சுகிட்டு அவசரத்துல சொன்னது எனக்கு பத்தல, அதான் எழுதறேன்.

மொதல்ல ஆசாரி அண்ணாவுக்கு. முன்ன கடையில ரெடிமேடா வாங்கின கேபினெட்டு, உள்ள மரத்தூள் போர்டு மேல பளபளன்னு லேமினேட், ரெண்டு மழைக்காலம் தாங்கல, அடிப்பக்கம் பன்னு மாதிரி உப்பி கதவே சாத்த முடியாம போச்சு. நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில துணியே நாலு நாளைக்கு காயாது, போர்டு எப்படிங்க நிக்கும். அரவேணு ஊர்ல தாத்தா வீட்ட பிரிச்சப்ப வந்த தேக்கு நிலை, ஜன்னல் எல்லாம் கொட்டகையில கெடந்துச்சு, விறகுக்கு போட இருந்தோம், "அம்மிணி, இது அத்தன வருசம் காஞ்ச மரம், இனி முறுக்காது, இதுலயே செஞ்சுக்கலாம்"னு தடுத்தது நீங்கதான்.

அந்த மரத்துல எத்தன ஆணி! வெளிய தெரிஞ்சத புடுங்கியாச்சு, உள்ள ஒடஞ்சு நின்னது ஒண்ணு இழைப்புளி பிளேடையே பதம் பாத்துருச்சு. அப்பதான் எதிர்வீட்டு மாமா பழைய ஸ்பீக்கர்ல இருந்து காந்தத்த கழட்டி எடுத்துட்டு வந்தாரு, ஒவ்வொரு கட்டையிலயும் மெதுவா தடவ தடவ, டக்குனு ஒட்டற எடத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டாரு, ரெண்டு சாயங்காலம் இதே வேலை. மாமா, உங்களுக்கு ரொம்ப நன்றி.

கதவு பலகைய பெவிகால் போட்டு ஒட்டிரலாமேன்னு கேட்டேன் அண்ணா, ஞாபகம் இருக்கா? மழைக்கு பலகை அகலத்துல விரியும், பங்குனி வெயிலுக்கு சுருங்கும், ஒட்டி இறுக்குனா வெடிச்சுரும், சட்டத்துல வெட்டின காடிக்குள்ள (பள்ளத்துக்குள்ள) சும்மா நிக்கட்டும்னீங்க. இப்ப கதவ தட்டிப் பாத்தா லேசா ஒரு அசைவு தெரியுது, அத பாக்கறப்ப எல்லாம் எனக்கு சந்தோசமா இருக்கு.

பாலிஷ் அன்னிக்குதான் மனசு ஒடஞ்சு போச்சு. மத்தியானம் மஞ்சு மூட்டம் எறங்கிருச்சு, அடிச்ச கோட்டிங் பூரா பால் பூத்த மாதிரி வெளுத்துருச்சு. ஈரக்காத்துல அடிச்சா அப்படித்தான் ஆகும்னு சொல்லி ஒரு வார்த்த கோவப்படாம முழுசா தேச்சு எடுத்தீங்க, அஞ்சு நாள் காத்திருந்து வெயில் வந்ததும் பதினோரு மணிக்கு மேல அடிச்சீங்க, அதுக்கு தனியா கூலியும் வாங்கல. நான் மறக்க மாட்டேன்.

பிளம்பர் தம்பி, பேசின் தண்ணி எறங்கற பாட்டில் ட்ராப் குழாய்க்கு எடம் விட்டு மேல் டிராயர 'ப' வடிவத்துல வெட்டணும்னு மரம் அறுக்கறதுக்கு முன்னாடியே அளவு குடுத்த பாரு, அதனாலதான் ஒரு டிராயர் மிஞ்சுச்சு. கொத்தனார் அண்ணா கேபினெட் கால் நாலுக்கும் அடியில கிரானைட் துண்டு வெச்சு தூக்கி விட்டாரு, பக்கெட்டுல மொண்டு குளிக்கற வீடு, தரைத்தண்ணி மரத்துல ஏறாம இருக்க அதுதான் காரணம்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படி சொல்றதுன்னே தெரியல. இருபத்தி நாலு நாள் எங்க மூணு பேருக்கும் உங்க வீட்டுலதான் குளியல், வெடிகாலம் அஞ்சு மணிக்கே பாய்லர்ல விறகு போட்டு வெச்சுருவீங்க.

அம்மா நாலடி பத்து அங்குலம். அதனால கேபினெட் 26, மேல பேசின் 5, மொத்தம் 31 அங்குலத்துல நிறுத்தினோம். இப்ப முழங்கை வழியா தண்ணி ஒழுகாம மொகம் கழுவறாங்க.

ஆசாரி அண்ணா, கீழ் டிராயருக்கு பித்தளை கைப்பிடி வந்துருச்சு. ஞாயித்துக்கிழமை வந்து மாட்டி குடுங்க, அம்மா வர்க்கி வாங்கி வைக்கறேன்னு சொல்லிட்டாங்க, அண்ணியையும் கூட்டிட்டு வாங்க.