உயரமான விண்ட்ஷீல்டு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் செல்வோர் பலர், கடற்காற்றும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் காற்றும் ஹெல்மெட்டை உலுக்குவதைத் தாங்க முடியாமல், கடையில் இருப்பதிலேயே உயரமான விண்ட்ஷீல்டை (பைக்கின் முன்புறம் பொருத்தும் ஒளிபுகும் காற்றுத் தடுப்பை) வாங்கிப் பொருத்துகிறார்கள். அதன் பிறகும் தலை ஆடுவது நிற்காவிட்டால் வியப்பில்லை.

விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று சுழல்களாக உடைகிறது. பின்புறம் உண்டாகும் தாழ்வழுத்தம் அச்சுழல்களை ஓட்டுபவரை நோக்கி இழுக்கிறது. அவை தோளில் பட்டால் பெரிதாகத் தெரியாது, ஹெல்மெட்டில் பட்டால்தான் இரைச்சலும் உலுக்கலும். ஆகவே, சீரான காற்று ஹெல்மெட்டில் நேராகப் படும் அளவுக்குத் தாழ்ந்ததோ, சுழல் தலைக்கு மேலே கடந்துபோகும் அளவுக்கு உயர்ந்ததோ, அவரவர் உட்காரும் உயரத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்டதே பெரும்பாலும் தொல்லை. எவ்வளவு உயர்ந்தாலும் பார்வை மேல் விளிம்புக்கு மேலாகவே செல்ல வேண்டும், இல்லையேல் மழை இரவில் எதிர் விளக்குகளின் ஒளி சிதறிக் கண்ணை மறைக்கும். அடியில் சிறு இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே விடும் வடிவம் தாழ்வழுத்தத்தைக் குறைக்கும்.

ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் பெரிய விண்ட்ஷீல்டு பக்கக் காற்றைப் படகின் பாய்போல் வாங்கிக்கொள்ளும் என்பதால், லாரிகளுக்கு நடுவே செல்வோர் அதைத் தவிர்ப்பது நல்லது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன விண்ட்ஷீல்டைப் பெட்ரோல் தொட்டுத் துடைக்கும் நம்மூர்ப் பழக்கமும் வேண்டாம், விரிசல் விடும்.

விற்பனையாளர்கள், வாங்கும் முன் பொருத்தி ஓட்டிப் பார்க்க வாடிக்கையாளர்களை அனுமதிக்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருவொற்றியூர்