ஒலிப்பதிவுகள் பத்திரம், பாம்பன் தங்கச்சிக்கு நன்றி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் சொந்தங்களுக்கு,

கடைசிக் கோப்பும் இன்று விடியற்காலை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்தவர்கள் பேசிய பதிவுகள் அத்தனையும் பத்திரம். பதிவுகள் இருந்த ஹார்டுடிஸ்க் படுத்திய பாடு உங்களுக்கே தெரியும். பேசியவர்களில் பலர் இன்று இல்லை; மறுபடி போய்க் கேட்டுப் பதியவும் முடியாது.

இன்வெர்ட்டர் கொடுத்தவர், மொட்டை மாடியில் ஏறி சிக்னல் பிடித்துத் தந்த தம்பிகள், சர்வரில் இடம் கொடுத்த ராமநாதபுரம் நண்பர், ராத்திரியெல்லாம் டீ அனுப்பிய கடைக்காரர், எல்லாருக்கும் பெரிய கும்பிடு.

பாம்பன் ஜெராக்ஸ் கடைத் தங்கச்சியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒரு கேபிள் கேட்கத்தான் அங்கே போனேன். லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தவர், "எஸ்சிபில அனுப்பினா லைன் அறுந்ததும் அந்த ஃபைல் முதல்ல இருந்து போகும்ணே. ஆர்சிங்க் போடுங்க" என்றார். இரண்டுமே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் புரோகிராம்கள். அப்புறம் அவரே உட்கார்ந்து ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினார், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்ய வேண்டிய கட்டளைகள் கொண்ட கோப்பு. அதில் 'பார்ஷியல்' என்று கொடுத்திருப்பதால், பாதி போன கோப்பை சர்வர் பக்கம் தூக்கி எறியாமல் வைத்திருக்கும். அடுத்த முறை மீதிதான் போகும். 'டைம்அவுட்' இருப்பதால் செத்த லைனைப் பிடித்துக்கொண்டு நிற்காது. 'அன்டில்' லூப், ஆர்சிங்க் 0 என்று, அதாவது பிழையில்லாமல், முடிகிறவரை 30 நொடி விட்டு விட்டு மறுபடி அனுப்பும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக சர்வருக்குள் விடும் எஸ்எஸ்ஹெச் சாவியும் போட்டுவிட்டார், நடுராத்திரியில் பாஸ்வேர்டு கேட்டு நிற்கக் கூடாதே!

சரி, இந்த அளவு விவரம் தெரிந்த பிள்ளைகள் நம் பக்கம் நிறைய உண்டு. ஆனால் அவர் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹாஷ் குறி போட்டுத் தமிழில் குறிப்பு எழுதியிருந்தார். "இது உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காது." "நெட் போனால் தானாக மறுபடி முயலும். பயப்பட வேண்டாம்." கம்ப்யூட்டர் இதையெல்லாம் படிக்காமல் தாண்டிப் போய்விடும். எனக்காக மட்டுமே எழுதியது. லைன் அறுந்தபோதெல்லாம் அந்த இரண்டு வரியைத்தான் திறந்து படித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்தவருடைய ஆதார் அட்டையை வாங்கி மெஷினில் வைத்துவிட்டார்.

இனி நான் யாருக்கு எதை எழுதிக் கொடுத்தாலும் தமிழ்க் குறிப்பு இல்லாமல் கொடுக்க மாட்டேன். அந்த ஸ்கிரிப்ட் என் பென்டிரைவில் இருக்கிறது. சர்வர் முகவரியையும் கோப்பு இருக்கும் இடத்தையும் மாற்றி, உங்கள் கம்ப்யூட்டரில் எஸ்எஸ்ஹெச் சாவியும் போட்டுக்கொண்டால் போதும். பழைய போட்டோ, வீடியோ வைத்திருப்பவர்கள் வாங்க, எடுத்துட்டுப் போங்க.