பீருக்குப் பதிலாக அத்தோ

மந்தைவெளி, சென்னை
ஞாயிறு, மத்தியானம்

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரி. "உங்க ஊரில் இட்லியை விட்டால் என்னடா இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். அதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்ல மனசு வரவில்லை. மூன்று சனிக்கிழமை ஊர் சுற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். அதென்ன "உங்க ஊர்"? திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாலு வருஷம் என் துண்டில் தலை துவட்டியவன் நீ.

முதலில் உன் பக்க நியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஜனவரியில் உன்னோடு பெங்களூரு இந்திராநகரில், அங்கேயே பீர் காய்ச்சித் தருகிற டாய்ட்டில் உட்கார்ந்த சாயங்காலத்தை இன்னும் வசந்தியிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கலங்கலாக வந்த கோதுமை பீரை முகர்ந்துவிட்டு, "வாழைப்பழம் போட்டிருக்கிறீர்களா?" என்று நான் கேட்க, பரிமாறிய பையன் சிரிக்காமல் விளக்கினான் பார். பழமெல்லாம் கிடையாது சார், ஈஸ்ட் நொதிக்கும்போது அதுவாகக் கொண்டுவரும் வாசனை, லேசாகக் கிராம்பு மாதிரி வருகிறதே அதுவும் அதன் வேலைதான், வடிகட்டாததால் கலங்கல் என்றான். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிற டேங்குகளைக் காட்டி, அங்கிருந்து நேராக உங்கள் மேஜைக்கு என்றான். இங்கே எங்களுக்கு 2003இலிருந்து மதுவின் சில்லறை விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் கையில். பீர் என்றால் எங்கோ ஆலையில் அடைத்து, லாரியில் ஏறி, வெயிலில் இறங்கி வந்த பாட்டில். அதை யார் எப்போது காய்ச்சினார்கள் என்று கேட்கிற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

இதையெல்லாம் வசந்தியிடம் சொன்னபோது, "அப்போ நம்ம இட்லி மாவு மாதிரிதானே? இதுக்கா பெங்களூரு போனீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். யோசித்தால் சரிதான். நேற்று ஆட்டி இன்று பொங்கியதை இன்றே வார்க்க வேண்டும், நாளைக்குப் புளித்துவிடும். மே மாதம் இங்கே ஐந்தாறு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிகிற மாவு, உங்க ஊர் டிசம்பரில் விடிய விடிய அசையாமல் கிடக்கிறது என்று கீதா புலம்பியது ஞாபகம் இருக்கிறதா? கம்பளி போர்த்தி வைத்தாளே!

ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா, அன்று எனக்குப் பொறாமை வந்தது பீரைப் பார்த்து இல்லை. ஏழு மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது பத்தரை. நடுவில் ஒருத்தர் கூட "வேற ஏதாவது?" என்று அந்தக் குரலில் கேட்கவில்லை. எந்தக் குரல் என்று உனக்குத் தெரியும். இங்கே இலையில் மோர் விழும்போதே பின்னால் ஒருவர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவருக்கும் பசி.

சரி, சனிக்கிழமைகளுக்கு வருகிறேன். கூட வந்தது அக்கா பெண் நித்யா. ஓ.எம்.ஆரில் வேலை, வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர், சனிக்கிழமை ஆனால் மாமாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதல் வாரம் பழைய பேட்டைக்கே போனோம். ரத்னா கபேயில் இன்னமும் அதே கணக்குத்தான். தட்டில் இரண்டு இட்லி, ஜக்கோடு வருகிறவர் அது மூழ்குகிற வரை சாம்பாரை ஊற்றுவார், பாதியில் கேட்டால் மறுபடியும் ஊற்றுவார். 1948இலிருந்து நடக்கிற கடை. நித்யா முதலில் ஸ்பூனால் இட்லியின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டாள். அப்படி இல்லை என்று சொல்லி மொத்தமாகக் குழைத்துக் காட்டினேன். "மாமா, இது சூப்" என்றாள். மதியம் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு தெருவில் நின்றோம். நம் காலத்துக் கூட்டம் அப்படியே இருக்கிறது, எல்லார் கையிலும் செல்போன் இருப்பதுதான் வித்தியாசம். சேப்பாக்கம் நாயர் மெஸ்ஸையும் அன்றே முடித்துவிடலாம் என்று பார்த்தேன், வயிறு ஒத்துழைக்கவில்லை. வஞ்சிரம் வறுவலை உனக்காக மிச்சம் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வாரம் நித்யாவின் தேர்வு. நுங்கம்பாக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள், பெயர் வேண்டாம். பெங்களூரு மாதிரியே இருக்கும் மாமா என்று அழைத்துப் போனாள். கருங்கல் பலகையில் மூன்று பணியாரம் வந்தது, தலையில் வெள்ளையாக நுரை. என்ன என்று கேட்டால் தேங்காய்ச் சட்னியாம். பாட்டுச் சத்தத்தில் நித்யா சொன்னதில் பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவளுக்கு முழுக்கவே கேட்கவில்லை. அதையெல்லாம்கூட விடு. ஒன்றரை மணி நேரம் ஆனதும் ஒரு பையன் வந்து குனிந்து, "சார், உங்க ஸ்லாட் முடிஞ்சுது" என்றான். ஸ்லாட்டாம்! பல் டாக்டர் கூட என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. பில்லைப் பார்த்தால் பத்து சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. நான் காசை எடுத்து வைக்கப் போனேன், நித்யா விடவில்லை. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது, தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்துவிட்டது என்று நின்ற இடத்தில் வகுப்பெடுத்தாள். மேனேஜர் எதுவும் பேசாமல் உள்ளே போய் வேறு பில் கொண்டுவந்தார். உன்னை மாதிரியே ஆள், சண்டை போட்ட பிறகுதான் அவளுக்கு முகத்தில் களையே வந்தது.

திரும்பும்போது கதீட்ரல் சாலை வழியாக வந்தோம். செம்மொழிப் பூங்கா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னேன். இங்கேதான் ட்ரைவ் இன் உட்லண்ட்ஸ் இருந்தது என்று காட்டினேன். 1962இல் திறந்து 2008இல் மூடினார்கள், அப்புறம்தான் பூங்கா. மரத்தடியில் கார்களை நிறுத்தி, கதவிலேயே தட்டை மாட்டிச் சாப்பிட்ட கதையெல்லாம் சொன்னேன். நம்மிடம் கார் ஏது? உன் லொடலொட சைக்கிளைக் கார்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு, உள்ளே போய் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக்கொண்டு மூன்று மணி நேரம். நீ வேலைக்கு எழுதிய விண்ணப்பமெல்லாம் அந்த மேஜையில் எழுதியதுதான். ஒருநாள் உன் விண்ணப்பத்தின் மேல் சாம்பார் கொட்டி, சர்வர் தன் துண்டால் ஒற்றிக் கொடுத்தார். பக்கத்து மேஜையில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள், மெடிக்கல் ரெப்கள், கல்யாணத் தரகர்கள் என்று எல்லாரும் நம்மைப் போலவே ஒரு காபிக்காரர்கள். நம் ஊரிலும் அப்படி ஒரு இடம் இருந்ததடா, பீர் இல்லாமலேயே. நித்யா பூங்காக் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்போ டிக்கெட் வாங்கணும்" என்றாள்.

மூன்றாவது வாரம்தான் உனக்கான பதில் கிடைத்தது. பாரிமுனை தாண்டி, பர்மா பஜார் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோடு. சாயங்காலம் ஆனால் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற வண்டிகள் வந்துவிடும். நம் காலத்திலும் இருந்தது, நாம்தான் பாரின் சட்டை வாங்கப் போனோமே தவிர இந்தப் பக்கம் திரும்பவில்லை. செய்கிறவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆரஞ்சு நிறத்தில் கெட்டி நூடுல்ஸ் ஒரு பிடி, பொடியாக நறுக்கிய கோஸ், வெங்காயம், பூண்டு வதக்கிய எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு. எல்லாம் ஒரு கிண்ணத்தில் விழ, ஐந்து விரலாலும் பிசைகிறார். கரண்டியே கிடையாது. மேலே தட்டை மாதிரி ஒன்றை நொறுக்கித் தூவுகிறார், அதற்குப் பெயர் பேஜோ. பக்கத்தில் வாழைத்தண்டு சூப், தீரத்தீர ஊற்றுகிறார்கள். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயத்தை அடைத்து, அதே எண்ணெயும் புளியும் விட்டுக் கையில் கொடுக்கிறார்கள். ஒரே வாயில் போட வேண்டும். நான் கடித்துச் சாப்பிடப் போய்ச் சட்டை போயிற்று. வெள்ளைச் சட்டை.

பிளாஸ்டிக் ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குவார். சாப்பிடவில்லை, கையில் சூப் மட்டும். என் சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். பிறந்தது ரங்கூன். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அப்புறம் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியதும், மற்றவர்களைப் போல அவர்கள் குடும்பமும் கப்பலேறியிருக்கிறது. வந்தவர்கள் பிழைக்க வழி செய்ததுதான் இந்த பஜார் என்றார். அத்தோ என்பதே பர்மிய மொழியில் 'கலந்தது' என்று பொருள் வருகிற சொல்லிலிருந்து வந்ததாம். அங்கே சாப்பிட்ட மாதிரியே இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை. இது இங்கத்துக் காரம்" என்றார். அவர் எங்களுக்கு முன்னால் வந்தவர், நாங்கள் கிளம்பும்போதும் அதே ஸ்டூலில் இருந்தார். கூட்டம் இடித்துக்கொண்டு நின்றது. யாரும் அவரை எழுப்பவில்லை, கடைக்காரர் இரண்டு முறை சூப்பை நிரப்பிவிட்டுப் போனார்.

மற்றபடி செய்தி அதிகம் இல்லை. என் முட்டி பரவாயில்லை, மாடிப்படிதான் சண்டை போடுகிறது. பையனுக்குப் புனேயில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் சர்க்கரை எவ்வளவு என்று நீ எழுதவே இல்லை, கீதாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மத்தியானம் மைசூரிலிருந்து வருகிற வந்தே பாரத்தைப் பிடி, ராச்சாப்பாட்டு நேரத்துக்கு சென்ட்ரலில் இறங்கிவிடலாம். அங்கிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் மண்ணடி. நான் முன்னாலேயே போய் இரண்டு ஸ்டூல் பிடித்து வைக்கிறேன். வெள்ளைச் சட்டை வேண்டாம்.

அன்புடன்,
கண்ணன்