என் விரலுக்காக ஓடியவர்களுக்கு

சிங்கப்பூரில் என் இடது கையில் இரண்டு விரல் நசுங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் கேஸ் முடிந்து பணமும் வந்துவிட்டது. மன்னார்குடிக்கு வந்து உட்கார்ந்ததும் முதலில் எழுதுவது இதைத்தான்.

முதலில் பாய், உங்களுக்கு. கிரேன் இறக்கிய கம்பிக்கட்டுக்கு அடியில் என் கை மாட்டியபோது, ஆம்புலன்ஸ் வந்தால் பதிவாகிவிடும், கம்பெனி லாரி வரட்டும் என்று சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். வங்கதேசத்திலிருந்து வந்த நீங்கள்தான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் கையைச் சுற்றி, டாக்சி பிடித்தீர்கள். கிளம்பும் முன் அந்தக் கம்பியையும் ரத்தம் கிடந்த தரையையும் போனில் படம் எடுத்தீர்களே, இந்த நேரத்தில் போட்டோவா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அன்று சாயங்காலமே “டார்மிட்டரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு” என்றார்கள் கம்பெனிக்காரர்கள். சரி, அந்தப் படம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

அவசரப் பிரிவில் இருந்த தமிழ் நர்ஸ் அக்கா, கூட வந்த கம்பெனி ஆளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு “எங்கே அடிபட்டுச்சு தம்பி, பயப்படாம சொல்லு” என்று கேட்டு எழுதிக்கொண்டீர்கள். உங்கள் பெயர்கூடத் தெரியாது.

அப்புறம், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பின் தொண்டூழியர்கள். எம்சியில், அதாவது மருத்துவ விடுப்பில் இருக்கும்போதும் சம்பளம் உண்டு என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். காய இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை, ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும், மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு என்று ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினீர்கள். வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிட்டு கம்பெனி கைகழுவியபின், தற்காலிகமாகத் தங்க மட்டும் விடும் ஸ்பெஷல் பாஸில் வேலைக்கும் போக முடியாமல் அலைந்த மாதங்களில், லிட்டில் இந்தியாவில் 2008 முதல் நீங்கள் நடத்தும் இலவசச் சாப்பாடுதான் எனக்கு. முதல் நாள் வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தது. ஆனால் அம்மா போனில் “சாப்பிட்டியா” என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாய், உங்கள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அந்த டாக்சிக்குக் கொடுத்த 18 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) நான் இன்னும் திருப்பித் தரவில்லை. யாராவது உங்களுக்கு இதைப் படித்துக் காட்டினால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள்.