மலைக்கோட்டை உச்சியில் ஒன்றுமில்லையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் போய் மூன்று நாட்களில் ஊர் பார்த்துத் திரும்ப விரும்புவோருக்கென, சென்ற ஞாயிறு தங்கள் பயணப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மலைக்கோட்டைக்கு அதில் கிடைத்தவை ஆறே வரிகள். கடைசி வசனம் இப்படி முடிகிறது: “உச்சியில் நகரத்தின் காட்சியைத் தவிர வேறொன்றும் இல்லாதபடியால், முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த நேரத்தைக் கடைத்தெருவில் செலவிடலாம்.” வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தேன். ஏதேனும் ஒரு சொல்லைத் தவறவிட்டேனோ என்ற ஐயத்தில் மறுநாளும் எடுத்து வாசித்தேன். தவறவிடவில்லை.

உச்சியில் இருப்பவர் உச்சிப்பிள்ளையார் என்பது தாங்கள் அறியாததல்ல. இராமன் கொடுத்த திருவரங்கப் பெருமாளை இலங்கைக்கு எடுத்து வந்த விபீடணன், காவிரிக் கரையில் சிறுவனாக நின்ற பிள்ளையாரிடம் அதைக் கொடுத்து ஏமாந்து, துரத்திக்கொண்டு மலையேறி, தலையில் குட்டினான் என்ற கதையை எங்கள் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லி வைத்திருக்கிறோம். நம் நாட்டுக்கு வந்திருக்க வேண்டிய பெருமாள் திருவரங்கத்திலேயே தங்கி, இன்றும் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார் என்று சொல்லும் கதையோடு சேர்ந்த இந்த மலையைப் பற்றி, இலங்கையில் அச்சாகும் ஒரு தமிழ்ப் பத்திரிகை எழுதும்போது அந்தக் கதைக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

உச்சிக்குப் போகும் வழியையும் கட்டுரையாளர் பார்த்ததாகத் தெரியவில்லை. மலையின் நடுவே தாயுமானவர் சந்நிதி இருக்கிறது. காவிரி பெருகித் தாய் அக்கரையில் நின்றுவிட, பிள்ளைப்பேற்று வேதனையில் இருந்த பெண்ணுக்குச் சிவபெருமானே தாயின் உருவில் வந்து துணையிருந்தார் என்பது அங்குள்ள நம்பிக்கை. சம்பந்தர் தேவாரம் பாடிய தலம் அது. அதற்கும் மேலே, உச்சிக்குச் சற்று முன்பாக, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் புடைப்புச் சிற்பமும், அந்த மன்னனின் கல்வெட்டும் அதனுள் உள்ளன. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரே பாறையில் நிற்கும் அந்தச் சிற்பத்தின் முன் நான் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். “வேறொன்றும் இல்லை” என்ற சொல் எப்படி எழுதப்பட்டது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

காட்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சமதரையில் பிறந்தவர்கள். கீரிமலை என்று பெயரில் மலை உண்டே தவிர, பனை வட்டும் கோயில் கோபுரமுமே எங்களுக்கு உயரம். 1990இல் மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேசுவரம் போய், மண்டபம் அகதி முகாமில் இருந்து, பிறகு திருச்சி உறையூரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். சங்கடகர சதுர்த்தி தவறாமல் அம்மா மலையேறுவார். என் தம்பி அப்போது ஊரில் இருந்தான். மாதக்கணக்கில் கடிதம் வராது. கும்பிட்டு முடிந்ததும் அம்மா சுற்றுச்சுவரருகே நின்று, “எங்கட ஊர் எந்தப் பக்கம் பிள்ளை?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் தென்கிழக்கைக் காட்டுவேன். வடக்கே காவிரியும் கொள்ளிடமும் நடுவில் திருவரங்கமும் அத்தனை அழகாகத் தெரியும். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதே குறைவு. வீடுகளும் வெயிலும் மட்டும் தெரிந்த தென்கிழக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார். 2003இல் நாங்கள் ஊர் திரும்பியபோது அவர் எங்களுடன் இல்லை. நகரத்தின் காட்சி என்று தங்கள் கட்டுரையாளர் குறிப்பிடுவது, அக்காலத்தில் திருச்சியில் வாழ்ந்த எத்தனையோ யாழ்ப்பாணத் தாய்மாருக்கு ஊரின் திசையாக இருந்தது.

இது முதல் தடவையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். திருகோணமலை சுவாமி மலையைப் பற்றி முன்பு ஒரு முறை இதே பக்கத்தில் எழுதியபோது, கடலும் துறைமுகமும் மான்களும் விரிவாக வந்தன. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலைப் பற்றி அரை வசனந்தான் இருந்தது. அப்போது நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை. இடமின்மை காரணமாக இருந்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றிய குறிப்பும் அந்தி நேரத்தில் படம் எடுக்க ஏற்ற இடம் என்பதோடு நின்றுவிட்டது. அந்தக் கோட்டையைச் சுற்றியிருந்த வீதிகளில் வாழ்ந்தவர்கள் தங்கள் வாசகர்களாக இன்னும் இருக்கிறார்கள். உயரமான இடம் என்றால் கீழே பார்ப்பதற்கு மட்டுந்தான் என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் எப்போது புகுந்தது?

முழங்கால் வலியைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. எனக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்ற ஆண்டு அங்கே போனபோது, அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் சந்நிதியருகே, பிள்ளைகளின் செருப்புகளைக் காத்துக்கொண்டு ஒரு முதியவர் இருந்தார். பேச்சில் நம் ஊர் என்று தெரிந்து விசாரித்தேன். “மேல ஒண்டும் இல்லையாம், பிள்ளையள் சொல்லிச்சினம்” என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஏறினோம். நானூறுக்கும் மேற்பட்ட படிகள்; பெரும்பகுதி பாறைக்குள் நிழலாகவே போகிறது; தாயுமானவர் சந்நிதியில் நெடுநேரம் இளைப்பாறினோம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. உச்சியில் அவர் அழுததைத் தங்கள் கட்டுரையாளர் பார்த்திருந்தால் அந்த வசனத்தை எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது சிறிய விடயம். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தின் ஒரு மூலையில், வழியில் பல்லவர் குகை இருப்பதையும், இடையில் இளைப்பாற இடமுண்டு என்பதையும், இறுதிப் படிகள் திறந்தவெளியில் இருப்பதால் நடுப்பகலில் பாறை சுடும், காலையில் ஏறுவதே நல்லது என்பதையும் நான்கு வரிகளில் வெளியிட்டால் போதும். கடிதம் நீளம் என்று கருதினால் என் அம்மாவைப் பற்றிய பகுதியை நீக்கிவிடுங்கள். அந்த நான்கு வரிகளை மட்டும் நீக்க வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.